கயிற்றுக்கு அந்தப் பக்கம்

களைக்கொல்லி தயாரிக்கிற அந்தக் கம்பெனியின் மதிலுக்குப் பின்னால்தான் மணலியிலேயே மிகச் செழிப்பான களை வளர்ந்துகொண்டிருந்தது. உள்ளே டிரம் டிரம்மாக மருந்து நிரம்பி, லாரி ஏறி, ஊர் ஊராகப் போகும். வெளியே பார்த்தீனியம் இடுப்பளவு நின்று, பொடிப்பொடியாக வெள்ளைப் பூ பூத்து, கடற்காற்றில் தலையாட்டும். இதைப் பார்த்துக் கம்பெனியில் யாரும் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. வெட்கப்படுவதற்கென்று சம்பளம் கொடுத்து வைத்திருந்த ஒரே ஆள் அருள்பிரகாசம்.

அவர் பதவிக்குப் பெயர் பசுமை வளைய அதிகாரி, அதாவது கம்பெனியைச் சுற்றிப் பச்சை வளர்க்க வேண்டியவர். ராயபுரத்துக்காரர், தாவரவியல் படித்தவர். வருஷா வருஷம் சுற்றுச்சூழல் தினத்தன்று யாராவது பெரிய மனிதர் வந்து நடுகிற வேப்பங்கன்றுக்குக் குழி வெட்டி வைப்பார். அந்தக் கன்று காய்ந்துபோனதும் அடுத்த வருஷப் பெரிய மனிதருக்காக அதே குழியைச் சுத்தம் செய்து வைப்பார். மற்ற நாட்களில் வரவேற்பறைக் குரோட்டன்ஸ் இலைகளை ஈரத்துணியால் துடைக்கச் சொல்வார். மாடு மேய்கிற வெட்டவெளியில் நின்றாலும் தலையில் ஹெல்மெட் போட்டிருக்க வேண்டும் என்பது கம்பெனி விதி. அதையும் ஒரு நாள் தவறாமல் செய்தார்.

மதிலுக்கும் கால்வாய்க்கும் நடுவே இருந்த அந்த இரண்டு ஏக்கர் சொச்சம் கம்பெனிக்குச் சொந்தம். ஆனால் அதை அனுபவித்தது எருமைகள். மேற்குப் பக்கம் கன்னியம்மாவின் எருமைகள், கிழக்குப் பக்கம் ஹுமாயூனின் எருமைகள். கன்னியம்மா திருவொற்றியூர்க் குப்பத்துக்காரி. கடலில் மீன் குறைந்ததும் வலையை விற்று எருமை வாங்கியவள். ஹுமாயூன் மணலிக்காரர், அவர் அப்பாவும் பால்காரர்தான். இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஹுமாயூனின் கிடா ஒருநாள் கன்னியம்மாவின் எருமையை முட்டிக் கொம்பை முறித்துவிட்டது. "எருமைங்க சண்டைக்கு நான் இன்னா பஞ்சாயத்து பண்றது?" என்று அவர் கேட்டிருக்கிறார். அன்றோடு முடிந்தது. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால், பத்தடி தள்ளி நிற்கிற ஹுமாயூனைப் பார்க்காமலே, "அந்தாளாண்ட சொல்லு சார்" என்று கன்னியம்மா அருள்பிரகாசத்திடம் சொல்வாள்.

விவகாரம் ஆரம்பித்தது ஜெனரல் மேனேஜர் சங்கரநாராயணன் வீட்டுக் காபியில். கம்பெனி குவார்ட்டர்ஸ் முழுக்கக் கன்னியம்மா பால்தான். ஒரு மழைக்குப் பிறகு காபி கசக்கத் தொடங்கியது. அவர் வீட்டம்மா காபித்தூள் கடையை மாற்றினார். பிறகு ஃபில்டரை மாற்றினார். அடுத்து மாற்ற மிச்சம் இருந்தது வீட்டுக்காரர்தான் என்ற நிலையில், கசப்பது பால் என்று கண்டுபிடித்தார்கள். புல் கிடைக்காத எருமைகள் பார்த்தீனியத்தைக் கடித்துத் தொலைத்திருக்கின்றன.

"நம்மகிட்ட இல்லாத மருந்தா வே? ரெண்டு டிரம்மை எடுத்து அடிச்சு..." என்று ஆரம்பித்த சங்கரநாராயணன் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். அடித்தால் எருமை தின்னும், எருமை தின்றால் பாலில் வரும், பாலில் வந்தால் காபியில் வரும். சொந்தச் சரக்கின் மேல் அவருக்கு இருந்த மரியாதை அவ்வளவு.

அந்த மௌனத்தில்தான் அருள்பிரகாசம் வாயைத் திறந்தார். கல்லூரி முடித்த நாளிலிருந்து மனசுக்குள் மூடி வைத்திருந்த விஷயம் அது. செடியை அடக்கச் செடியே போதும் சார் என்றார். சோளம் நின்ற மண்ணில் களை தயங்கித் தயங்கித்தான் முளைக்கும். வேரிலும் தட்டையிலும் அது ஒரு சாறு வைத்திருக்கிறது, பக்கத்தில் இன்னொன்றை வளரவிடாது. தைலமரத்தடி மொட்டையாகக் கிடப்பதும் அதனால்தான். சோளத்தட்டையையும் தைல இலையையும் ஊறவைத்து வடிகட்டி ஊற்றினால் பார்த்தீனிய விதை முளைக்காமல் மடங்கும், அருகம்புல் தாக்குப்பிடித்துவிடும், எருமைக்கும் கெடுதல் இல்லை. மூச்சுவிடாமல் பேசி முடித்தபோது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. அந்த அறையில் அவர் இதற்கு முன் 'எஸ் சார்' தவிர வேறெதுவும் சொன்னதில்லை.

சங்கரநாராயணன் திருநெல்வேலிக்காரர். யோசிக்கும்போது மீசையைத் தடவுவார். "இங்க பாரும் அருளு. அந்த எடத்துல காங்கிரீட்டப் போட்டு டிரெய்லர் நிறுத்த விட்டுரலாம்னு மேல இருந்து நச்சரிக்காங்க. துறைமுகத்துக்குப் போற வண்டியெல்லாம் ரோட்டுலல்லா நிக்கி? நான் ஒரு மழைக்காலம் பொறுக்கேன். களை போயிப் புல்லு வந்துட்டுன்னா, பசுமை வளையத்துல மேய்ச்சல் நெலம்னு கணக்குக் காட்டி அப்படியே விட்டிருவோம். வரலேன்னா காங்கிரீட்டுதான். வெளிய இருந்து ஒரு நிபுணர் வந்து பாப்பாங்க. அவங்க சொல்லுததுதான் முடிவு."

நிபுணரின் பெயர் டாக்டர் ஜெமிமா. பல்கலைக்கழகத்தில் களைகளைப் பற்றியே ஆராய்கிறவர். போனில் அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். நிலத்தைச் சரிபாதியாகப் பிரிக்க வேண்டும். ஒரு பாதியில் சாறு ஊற்றலாம். மறுபாதியில் ஒரு சொட்டுகூடப் படக்கூடாது. வித்தியாசம் தெரிந்தால்தான் சாறு வேலை செய்கிறது என்று அர்த்தம்.

அருள்பிரகாசம் நடுவே நைலான் கயிறு கட்டினார். இரண்டு பக்கமும் களையை ஒரே உயரத்துக்கு வெட்டச் செய்தார். நீல டிரம்களில் சோளத்தட்டை ஊறியது, தைல இலை மிதந்தது. வாசனை ஒரு மாதிரிதான். ஆனால் மணலியில் வாசனையைப் பற்றி யார் புகார் சொல்லப் போகிறார்கள்? சாறு ஊற்றுகிற வேலையைக் கன்னியம்மாவிடம் ஒப்படைத்தார். மேற்குப் பக்கம் அவள் பக்கம், அவளைவிட அக்கறையாக யார் ஊற்றுவார்கள் என்று நினைத்தார்.

"இன்னா சார் இது, மாடு துன்ற தட்டைய ஊற வச்சி மண்ணுல ஊத்த சொல்ற?"

"ஊத்து. அப்பறம் பாரு. ஆனா கயித்துக்கு இந்தப் பக்கம் மட்டும்தான். அந்தப் பக்கம் ஒண்ணும் பண்ணக்கூடாது."

"அந்தாளு பக்கம் சும்மா கெடக்கணுமா?"

"ஆமா. அந்தப் பக்கம் களையாவே கெடந்தாத்தான் இந்தப் பக்கம் நல்லாயிருக்கறது தெரியும்."

கன்னியம்மா அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். கயிற்றைப் பார்த்தாள். அந்தப் பக்கம் களைக்கு நடுவே நின்ற ஹுமாயூனின் எருமைகளைப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள். பால் கேட்கிற வீட்டம்மாக்கள் "நாளைக்குத் தண்ணி கலக்காம கொண்டா" என்று சொல்லும்போது ஆட்டுவாளே, அதே ஆட்டம்தான். இதை அருள்பிரகாசம் அப்போதே புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

மழை ஆரம்பித்த வாரம் பார்த்து, கம்பெனி அவரைப் பாதுகாப்புப் பயிற்சிக்கென்று ஹைதராபாத்துக்கு அனுப்பியது. ஏணியில் எப்படி ஏறுவது என்று வாரக்கணக்கில் சொல்லிக்கொடுத்தார்கள். அவர் மனசெல்லாம் கால்வாய்க் கரையில் இருந்தது. தினமும் போன் போடுவார். "ஊத்தினியா?" "ஊத்தினேன் சார்." "புல்லு வருதா?" "ஜம்முனு கீது சார்." எந்தப் பக்கம் என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை. சொல்ல அவளுக்கும் தோன்றவில்லை.

திரும்பி வந்த அன்று ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்குக்கூடப் போகவில்லை. மனைவி ஜானட்டிடம் போனில் ஏதோ சாக்குச் சொல்லிவிட்டு, பெட்டியும் கையுமாக நேரே மதிலுக்குப் பின்னால் போனார்.

மேற்கே அருகம்புல் பாய் விரித்ததுபோல் கிடந்தது. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில பார்த்தீனியக் கன்றுகள் மட்டும் சுருண்டு மஞ்சளாக நின்றன. அருள்பிரகாசத்துக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷத்தில் அவர் கைபட்டு உயிரோடு நின்ற முதல் பச்சை அது. சிலுவை போட்டுக்கொண்டார்.

பிறகு கிழக்கே திரும்பினார். அங்கேயும் அருகம்புல் பாய் விரித்ததுபோல் கிடந்தது.

அவர் கயிற்றைத் தாண்டி ஓடினார். குனிந்து மண்ணைக் கிள்ளி முகர்ந்தார். தைல வாசனை அடித்தது. அவருக்குக் கோபம் வந்தால் படிப்பு போய் ராயபுரம் வந்துவிடும்.

"கன்னியம்மா! இங்க வா! அந்தப் பக்கமும் ஊத்தினியா நீ?"

"ஆமா சார்." அவள் முகத்தில் ஒரு பெருமை. "ரெண்டு பக்கமும் சரிபாதி. ஒரு குடம் இப்பிடி, ஒரு குடம் அப்பிடி."

"ஊத்தாதன்னு அடிச்சிக்கினேனே! இன்னாத்துக்கு ஊத்தின?"

"அது இன்னா சார் நாயம்? எங்க குப்பத்துல கரவலை இழுத்தா, கயித்தப் புடிச்ச அத்தினி பேருக்கும் பங்கு. ஒடம்பு சரியில்லாம வூட்ல படுத்துகினு கீறவனுக்கும் பங்கு. புருசன் செத்தவளுக்கும் பங்கு. பேச்சுவார்த்த இல்லாதவனுக்கு மீனு கெடையாதுன்னு யாரும் சொன்னதில்ல. அந்தாளு கலீஜு புடிச்சவன்தான், நான் இல்லேங்கல. அவன் மாடு இன்னா பாவம் பண்ணுச்சி?"

அருள்பிரகாசம் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். விளக்கிப் பார்த்தார். வித்தியாசம் என்றார், நிபுணர் என்றார், காங்கிரீட் என்றார். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால், சாறு ஊற்றாமலே களை போகிறது, சாறு வேஸ்ட் என்று எழுதிவிடுவார்கள் என்றார். கடைசியில் சொன்னது மட்டும்தான் அவளுக்குப் புரிந்தது. இடம் போய்விடும். அவள் முகம் சுருங்கிப்போயிற்று.

"ஊத்தினதுனால நல்லாயிடுச்சி. நல்லாயிட்டதுனால ஊத்தினது வேஸ்ட்டா? இன்னா சார் பேஜாரா கீது."

அருள்பிரகாசம் ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். நிபுணர் வர ஒரு வாரம்தான் இருந்தது. நேர்மையான மனிதர் என்றால் அப்போதே போய் நடந்ததைச் சொல்லியிருப்பார். அருள்பிரகாசமும் நேர்மையான மனிதர்தான், ஆனால் அந்தப் புல்லைப் பார்த்துவிட்டாரே! முதலில் கன்னியம்மாவிடம் கைநீட்டிச் சத்தியம் வாங்கினார். யார் கேட்டாலும், எத்தனை தடவை கேட்டாலும், கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு சொட்டு ஊற்றவில்லை என்றே சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அவர் வேலையும் போகும், இடமும் போகும். கன்னியம்மா அவர் உள்ளங்கையில் ஓங்கி அடித்தாள். "உசுரே போனாலும் சொல்ல மாட்டேன் சார்." பத்தடி தள்ளி நின்ற ஹுமாயூனும், யாரும் கேட்காமலே, "நானும்தான் சார்" என்றார்.

அடுத்ததாக அவர் செய்த காரியத்தைத் தாவரவியல் படித்த யாரும் செய்திருக்க மாட்டார்கள். கிழக்குப் பக்கம் களை வேண்டுமல்லவா? நட்டுவிடுவது என்று முடிவு செய்தார்.

விம்கோ நகர் ரயில் பாதையோரம் பார்த்தீனியம் வேண்டிய மட்டும் கிடந்தது. ஹுமாயூன் தன் மீன்பாடி வண்டியைக் கொண்டுவந்தார். மூவரும் வேரோடு பிடுங்கி, ஈரச்சாக்கில் சுற்றி, ரோஜாச் செடி ஏற்றுவதுபோலப் பதமாக அடுக்கினார்கள். கும்மிடிப்பூண்டி வண்டியில் வாசலில் தொங்கிக்கொண்டு போனவர்கள், ஹெல்மெட் போட்ட ஆபீசர் ஒருவர் பார்த்தீனியத்துக்குத் தண்ணீர் தெளிப்பதைப் பார்த்துவிட்டு விசிலடித்தார்கள். அரிப்பெடுத்துக் கையெல்லாம் தடித்தது. ஜானட் அவர் கையில் தேங்காயெண்ணெய் தடவியபடி, "ஏங்க, களைய எடுக்கறதுதானே உங்க வேலை? நட்டுட்டு வந்தேன்னு சொல்றீங்க" என்று கேட்டாள். அவர் கையை இழுத்துக்கொண்டார்.

புல்லைக் கொத்திவிட்டுக் களையை நட்டார்கள். ஹுமாயூனின் வேலை சுத்தம். கயிறு பிடித்ததுபோல வரிசை வரிசையாக நட்டு வைத்திருந்தார்.

"பாய், களை எங்கியாவது வரிசையா மொளைக்குமா?" என்று அருள்பிரகாசம் அலறினார். எல்லாவற்றையும் பிடுங்கித் தாறுமாறாக நட வேண்டியிருந்தது. நடுவில் கன்னியம்மா, "அந்தாளாண்ட சொல்லு சார், மூலையில ரெண்டு அதிகமா வைக்க சொல்லி" என்றாள். அடுத்த தடவை, "இந்தா, அந்தச் சாக்க இப்பிடி தள்ளு" என்று ஹுமாயூனிடமே சொன்னாள். சொன்ன பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. ஹுமாயூன் மறுபேச்சு பேசாமல் சாக்கைத் தள்ளினார். கொம்பு முறிந்த நாளிலிருந்து அவர்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சு அதுதான்.

கால்வாய்த் தண்ணீர் வேண்டாமென்று குழாய்த் தண்ணீர் ஊற்றினார்கள். சாணம் கரைத்து ஊற்றினார்கள். ஊரெங்கும் ஒருவரும் விதைக்காமல், ஒருவரும் தண்ணீர் காட்டாமல், தார் ரோட்டுப் பிளவில்கூட முளைக்கிற அந்தச் செடி, மூன்று பேர் சேர்ந்து சீராட்டியபோது ஒவ்வொன்றாகத் தலையைத் தொங்கப்போட்டது. வெயிலா, வேர் அறுந்ததா, மண்ணில் ஊறிக் கிடந்த சோளச்சாறா, யார் கண்டது? அருள்பிரகாசத்துக்கு மட்டும் சாறுதான் என்று அடித்துச் சொல்லத் தோன்றியது. தன் சாறு இவ்வளவு நன்றாக வேலை செய்வதைப் பார்த்து ஒரு மனிதன் வயிற்றெரிச்சல் படுவது அநேகமாக அதுவே முதல் தடவையாக இருக்கும்.

நிபுணர் வருகிற அன்று காலையில், பாதிச் செடிகள் காய்ந்தும் பாதி காயும் நிலையிலும் நின்றன. புதிதாகப் பிடுங்கி வர நேரமில்லை.

டாக்டர் ஜெமிமா சின்ன உருவம், பெரிய தொப்பி. மேற்குப் பக்கத்தைச் சுற்றிப் பார்த்து, "நல்லா வந்திருக்கே" என்றார். அருள்பிரகாசத்தின் நெஞ்சு நிறைந்தது. பிறகு கயிற்றைத் தாண்டினார். காய்ந்த ஒரு செடியைத் தொட்டுப் பார்த்தார். இன்னொன்றை இழுத்தார். அது வம்பு பண்ணாமல் கையோடு வந்தது.

"இங்க எதுவும் ஊத்தலையே?"

"இல்ல மேடம்."

"அப்ப இது ஏன் சாகுது? வேரே பிடிக்கல பாருங்க. ஒண்ணும் ஊத்தாத எடத்துல பார்த்தீனியம் இப்படிக் காயறத நான் எங்கயும் பாத்ததில்ல." அவர் நிமிர்ந்து, மதிலுக்கு மேலே தெரிந்த புகைபோக்கியை ஒரு தடவை பார்த்தார். வேறெதுவும் சொல்லவில்லை.

சொல்லவே தேவையில்லை. சங்கரநாராயணனின் கை மீசைக்குப் போயிற்று. போன மாதம்தான் சுற்றுவட்டாரத்து ஜனங்கள் காற்று நாறுகிறது என்று கேட்டை மறித்திருந்தார்கள். எதற்கும் சாகாத பார்த்தீனியமே கம்பெனி மதிலோரம் தானாகச் சாகிறது என்று ஒரு பல்கலைக்கழக நிபுணர் எழுதிவிட்டால் என்ன ஆகும்? அவர் அருள்பிரகாசத்தின் தோளைப் பிடித்து எருமைகளுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார்.

"உண்மையச் சொல்லும் வே. அது எப்படிச் சாவுது?"

அருள்பிரகாசம் சொல்லிவிட்டார். பங்கு, குடம், விம்கோ நகர், மீன்பாடி வண்டி, எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். தொலைந்தோம் என்று கண்ணை மூடிக்கொண்டு நின்றார். திட்டு வரவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தால் சங்கரநாராயணன் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அட கூறுகெட்ட மனுசா! இத மொதல்லயே சொல்லதுக்கென்ன? அப்ப ரெண்டு பக்கமும் உம்ம சாறுதான் வேலை செஞ்சிருக்கு! நம்ம புகை இல்ல! இதத்தானய்யா எழுதணும். சாறு நல்ல சாறு, எடம் மேய்ச்சல் நெலம், முடிஞ்சிது சோலி. நீரு வாரும்."

அருள்பிரகாசத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. உண்மையைச் சொல்லி உருப்பட்டவர்கள் உலகத்தில் உண்டு, அதில் நானும் ஒருத்தன் என்று நினைத்தார்.

சங்கரநாராயணன் நிபுணரிடம் விஷயத்தை அழகாக எடுத்துச் சொன்னார். பால்காரம்மா தெரியாத்தனமாக இரண்டு பக்கமும் ஊற்றிவிட்டாளாம். டாக்டர் ஜெமிமா தொப்பியைச் சரிசெய்துகொண்டார். இரண்டு நிமிஷத்துக்கு முன்னால் ஊற்றவில்லை என்றார்கள், இப்போது ஊற்றினோம் என்கிறார்கள். "ஊத்தினவங்க யாரு? அவங்களே சொல்லட்டும். அவங்க சொன்னா எழுதறேன்."

கன்னியம்மாவைக் கூப்பிட்டார்கள். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து நின்றாள். ஒரு கண்ணால் அருள்பிரகாசத்தைப் பார்த்தாள். அவர் முகம் வெளுத்திருந்தது. சாரை மாட்டிவிட்டுட்டானுங்க என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"ஏம்மா, கயித்துக்கு அந்தப் பக்கமும் நீங்க சாறு ஊத்தினீங்களா?"

"இல்லம்மா."

"பயப்படாம சொல்லுங்க. ஊத்தியிருந்தா நல்லதுதான்."

நல்லது என்று ஆசை காட்டிப் பிடுங்கப் பார்க்கிறார்கள் என்று கன்னியம்மாவுக்குப் புரிந்துவிட்டது. குப்பத்தில் போலீஸ்காரர்களும் இப்படித்தான் கேட்பார்கள்.

"ஒரு சொட்டு ஊத்தல."

"கன்னியம்மா, சொல்லிடு. நான் எல்லாத்தையும் சொல்லிட்டேன்" என்றார் அருள்பிரகாசம். குரல் நடுங்கியது.

அந்த நடுக்கம்தான் கெடுத்தது. கன்னியம்மா இரண்டெட்டு நடந்து, கொம்பு முறிந்த எருமையின் நெற்றியில் உள்ளங்கையை வைத்தாள். "எங்க சோறு இது. இது மேல சத்தியமா சொல்றேன். கயித்துக்கு அந்தாண்ட என் கையால ஒண்ணும் ஊத்தல. சார் நல்ல மனுசன். யாருக்கோ பயந்துகினு என்னான்னமோ சொல்றாரு."

"ஆமாம்மா," என்று ஹுமாயூன் முன்னால் வந்தார். "நான் பூரா நேரமும் இங்கதான் கீறேன். அக்கா பொய் பேச மாட்டாங்க."

அக்கா! இந்த வார்த்தையை அருள்பிரகாசம் வேறெந்த நாளில் கேட்டிருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பார்.

டாக்டர் ஜெமிமா எழுதினார். சாறு ஊற்றாத பாதியிலும் களை தானாகவே காய்கிறது. ஆகவே ஊற்றிய பாதியில் களை போனதற்குச் சாறுதான் காரணம் என்று சொல்வதற்கில்லை. காய்வதற்கான வேறு காரணத்தைத் தனியாக ஆராய வேண்டும். மனசாட்சிப்படிதான் எழுதினார். பாவம், அவரைக் குறைசொல்ல முடியாது.

அந்தக் கடைசி வரி சங்கரநாராயணனைத் தூங்கவிடவில்லை. மண்ணை வெளியாட்கள் யாரும் ஆராயக்கூடாது என்றால், மண்ணே வெளியே தெரியக்கூடாது. மறுநாள் காலையிலேயே ஆட்களை வரச்சொல்லிவிட்டார். அருள்பிரகாசம் போய் நின்றபோது நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கதை நல்லாத்தான் கட்டுனீரு வே. அந்தப் பொம்பள மாட்டு மேல சத்தியம் பண்ணுதா. ஒம்ம நம்பி நானும் வாயக் குடுத்துட்டேனே. போயி குரோட்டன்ஸப் பாரும்."

அருள்பிரகாசம் குரோட்டன்ஸைப் பார்க்கப் போகவில்லை. மதிலுக்குப் பின்னால் போனார். இரண்டு ஆட்கள் டேப் பிடித்து அளந்து முளையடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் கட்டிய நைலான் கயிற்றையே அவிழ்த்து எல்லைக்குக் கட்டினார்கள். புல் மழையில் இன்னும் வளர்ந்திருந்தது. எருமைகள் எல்லாம் கலந்து நின்று மேய்ந்தன. எது யாருடையது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

கன்னியம்மா ஒரு தூக்குவாளியோடு வந்தாள். "சார், இதக் குட்சிப் பாரு. காலைல கறந்தது. காய்ச்சிக் கொணாந்திருக்கேன்."

அவர் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார்.

"நேத்து எப்பிடி? காட்டிக் குடுத்துடுவேன்னு பயந்துட்ட இல்ல? அந்தத் தொப்பிக்காரம்மா எப்பிடி எப்பிடியோ வளைச்சிக் கேட்டுச்சி. விட்டேனா?" என்று சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "மாட்டு மேல பொய் சத்தியம் பண்ணிட்டேன் சார். ராத்திரில்லாம் மனசு அடிச்சிக்கிச்சி. வடிவுடையம்மன்கிட்ட வேண்டிக்கினேன். தண்டனை எதுனா கீதுன்னா எனக்குக் குடு தாயி, அந்த வாயில்லா ஜீவனுக்கு வேணாம்னு."

அருள்பிரகாசம் வாயைத் திறந்தார். உண்மை நாக்கு நுனிவரை வந்தது. சத்தியம் வாங்கியவர் அவர். அவள் அதைக் காப்பாற்றியிருக்கிறாள்.

"முளை அடிக்கிறாங்களே சார், வேலி போடப்போறாங்களா? மத்த மாடு வராம?"

"இல்லம்மா. காங்கிரீட்டு. டிரெய்லர் வருது."

சிரிப்பு நின்றது. அவள் கயிற்றைப் பார்த்தாள், புல்லைப் பார்த்தாள். "ஏன் சார்? அதான் நான் சொல்லலியே! நம்ம பேரு எதுவும் வரலியே!"

"உன்னால இல்ல கன்னியம்மா." அந்த ஒரு பொய்யை அவர் தடுமாறாமல் சொன்னார். "ரெண்டு பக்கமும் நல்லா இருந்துச்சி இல்ல, அதுதான் காரணம்."

அவள் திரும்பிப் பார்த்தாள். கால்வாய்ப் பக்கம் ஹுமாயூன் முளையடிக்கிறவர்களிடம் கையை ஆட்டி ஆட்டிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். "ஒரு பக்கம் நாசமாப் போயிருந்தா வுட்டிருப்பாங்களா?" என்று கேட்டாள்.

"வுட்டிருப்பாங்க."

"அப்பிடின்னா போவட்டும் சார்" என்றாள் கன்னியம்மா. அவள் கண் நிறைந்துவிட்டது. புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "பால் ஆறுது பாரு. குடி."

அவர் குடித்தார். ஒரு வாய் குடித்துவிட்டு நிறுத்தினார். மறுபடி குடித்தார்.

"கசக்குதா சார்?"

"இல்லம்மா," என்றார் அருள்பிரகாசம். "கொஞ்சங்கூடக் கசக்கல."